பள்ளிக்கூடத்துக்கு யார் மார்க் போடுவது?

மறையூரில் மே மாதம் பேனர் மாதம். எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் வெளியான மறுநாளே பஸ் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பிள்ளைகளின் முகங்கள் தொங்கத் தொடங்கிவிடும். பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கினால் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் பயந்த மாதிரிதான் தெரிகிறார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'நூறு சதவீத வெற்றி'. மலையாளத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, அபூர்வமாகத் தமிழில் ஒன்று.

இந்த நூறைப் பற்றி வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. 2023-ல் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்களில் தேறியவர்கள் 99.70 சதவீதம். 2024-ல் 99.69. மாநிலமே ஏறத்தாழ நூறு. இங்கே ஒரு பள்ளி நூறு வாங்கியது என்று சொல்வது, எங்கள் ஊர் வெல்லம் இனிக்கிறது என்று சொல்வதைப் போல. உண்மைதான். ஆனால் எந்த ஆலையில் வாங்குவது என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

வெல்லத்தைச் சும்மா இழுக்கவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் கரும்பு ஆலையில் பாகு காய்ச்சுகிறவர். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவருடைய கூலி ஏறியதா என்று கேட்டேன், சிரித்தார். அவர் மகள் ஏழாம் வகுப்பு முடித்துவிட்டாள். கேரளத்தில் உயர்நிலைப் பள்ளி எட்டில் தொடங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, நீங்க படிச்சவங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. தமிழ் மீடியம்னா நடந்தே போயிடுவா. இங்கிலீஷ் மீடியம்னா ஜீப்புக்கு மாசாமாசம் எடுத்து வைக்கணும், ஃபீஸு வேற. பேனரப் பாத்தா ரெண்டும் நூறுங்குது. எது நல்ல பள்ளிக்கூடம்?"

அவர் மனைவி பேசாமல் என் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் எம்.ஏ. படித்தவன், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துச் சாப்பிடுகிறவன். தமிழ் மீடியத்தில் சேருங்கள் என்று நான் சொன்னால், 'உனக்கு இங்கிலீஷ் தெரியும், அதனால் சொல்கிறாய்' என்று அவர்கள் நினைக்கலாம். இங்கிலீஷ் மீடியம் என்றால் என் பட்டச் சான்றிதழ் சுவரில் இருந்து என்னைப் பார்க்கும். "ரெண்டு நாள் டைம் குடுங்க தம்பி" என்றேன்.

மறையூரைச் சுற்றுலாப் பிரசுரங்களில் மட்டும் அறிந்தவர்களுக்கு: சந்தனக் காடும் முனியறைகளும் மட்டுமல்ல, இது தமிழ் பேசும் ஊரும்கூட. மூணாறு ஒரு பக்கம், சின்னாறு காடு தாண்டினால் உடுமலைப்பேட்டை மறு பக்கம். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, தமிழர்கள் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. மறையூர் தேவிகுளம் தாலுகா. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை மலையாளம், ஆங்கிலம் தவிரத் தமிழிலும் கன்னடத்திலும் எழுத இந்த மாநிலத்தில் இடமிருக்கிறது. 2017-ல் வந்த சட்டப்படி பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயம். ஆக, எங்கள் ஊர்க் குழந்தையின் பையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி. முதுகு ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரரின் கேள்விக்கு விடை தேடி நான் கல்வி இலாகாவின் பட்டியலைப் புரட்டவில்லை. 1823-ல் திறந்து 1855-ல் மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. எம்.ஏ. வகுப்பில் சி.வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரே வரியாகக் கடந்துபோன பெயர்: யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டை செமினரி. நல்ல பள்ளி எது, அதை எப்படி அளப்பது என்று தமிழர்கள் நடுவே நடந்த முதல் பெரிய சண்டைகளில் ஒன்று அங்கேதான் நடந்தது. அளந்தவர்கள் பாஸ்டனில் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்தது 1816-ல். கிராமங்களில் தமிழ்ப் பள்ளிகள், தெல்லிப்பழையில் விடுதிப் பள்ளி என்று தொடங்கியவர்கள், 1823-ல் ஒரு பெரிய திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். தமிழ் இளைஞர்களுக்கு ஒரு கல்லூரி. ஆங்கிலத்தை ஆழமாகக் கற்பிப்பது, தமிழ் இலக்கியத்தை வளர்ப்பது, தேர்ந்தெடுத்த சிலருக்கு சமஸ்கிருதம், இன்னும் சிலருக்கு எபிரேயமும் கிரேக்கமும் லத்தீனும், எல்லோருக்கும் ஐரோப்பிய விஞ்ஞானம் என்று அதன் நோக்கங்கள். கல்லூரி என்ற அந்தஸ்தைக் கொடுக்க இலங்கையின் பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு மனமில்லை. எனவே செமினரி என்ற பெயர் நிலைத்தது. கீழ் வகுப்புகளில் அது ஓர் ஆங்கில உயர்நிலைப் பள்ளி, மேல் வகுப்புகளில் கல்லூரி.

டேனியல் பூவர் அதன் முதல் தலைவர். முதல் 12 ஆண்டுகள் அவர் கையில். யூக்ளிட், அல்ஜீப்ரா, வானியல் ஒரு பக்கம். நன்னூலும் குறளும் நிகண்டும் மறு பக்கம். அமெரிக்காவில் யாராவது ஒரு பையனின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பும் பெயர் பையனுக்குச் சூட்டப்படும். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெயர்களுக்கு முன்னால் ஆர்னல்ட், நெவின்ஸ், கறல் என்று தொற்றிக்கொண்டிருப்பது இப்படித்தான். மாணவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளக் குடும்பங்களின் பையன்கள். ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு அந்த வாசல் அநேகமாக அடைத்தே இருந்தது. இதைச் சொல்லாமல் அந்தப் பள்ளியைப் புகழ்வது சரியாகாது. பெண்களுக்கு 1824-ல் உடுவிலில் தனியாக ஒரு விடுதிப் பள்ளி வந்தது.

1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம். வட்டுக்கோட்டையில் பஞ்சாங்கம் கணிக்கும் சாஸ்திரியார் ஒரு நேரம் சொன்னார். பூவர் தன் கணக்குப்படி வேறு நேரம் சொன்னார். வித்தியாசம் சுமார் கால் மணி. ஊரே இதைப் பேசியது. கிரகண இரவில் பூவரின் கணக்கு சரியாக வந்தது. மிஷனரிகளுக்குக் கொண்டாட்டம், பஞ்சாங்கம் பொய், ஆகவே அதைச் சொன்ன மதமும் பொய் என்று பிரசங்கம் செய்ய வாய்ப்பு. இதோடு நின்றிருந்தால் இந்தப் பள்ளியைப் பற்றி நான் எழுதியிருக்க மாட்டேன். பூவருக்குப் பிறகு 1836-ல் பொறுப்புக்கு வந்த ஹென்றி ஹொய்சிங்டன், தோற்ற அந்தப் பஞ்சாங்கத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டார். தமிழர்களின் வானியல் கணித முறையை ஆங்கில விளக்கத்தோடு 'ஓரியண்டல் அஸ்ட்ரானமர்' என்ற புத்தகமாக 1848-ல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். பிறகு ஊருக்குத் திரும்பி, சிவஞான போதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854-ல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். சைவர்களைக் கிறிஸ்தவர்களாக்க அனுப்பப்பட்டவர் சைவ சித்தாந்தத்துக்கு ஆங்கிலத்தில் வாசல் திறந்துவிட்டார். மொழிபெயர்ப்புத் தொழிலில் இப்படி நேர்வதுண்டு. எதிராளியின் வாதத்தை ஒழுங்காக மொழிபெயர்க்க வேண்டுமானால் கொஞ்ச நாள் அதற்குள் குடியிருக்க வேண்டும்.

இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் இந்தப் பள்ளியைப் பார்த்துவிட்டு, இதன் கல்வித் தரத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடலாம் என்று 1850-ல் தன் புத்தகத்தில் எழுதினார். அதிகாரிகளின் பாராட்டை நான் எப்போதும் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன். படித்துவிட்டு வெளியே வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது கூடுதலாகச் சொல்லும்.

1841-ல் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' பத்திரிகை வந்தது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம். அதைத் தொடங்கி ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் தமிழர்கள், இந்தப் பள்ளியில் படித்தவர்கள். பின்னாளில் அதே பத்திரிகையின் ஆசிரியரான ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886-ல் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதினார். நானூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாறு. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850-ல் மேற்கத்திய தர்க்கத்தைத் தமிழில் 'நியாய இலக்கணம்' ஆக்கினார். கறல் விசுவநாதபிள்ளை 1855-ல் அல்ஜீப்ராவைத் தமிழில் 'வீசகணிதம்' ஆக்கினார். 1862-ல் வெளிவந்த வின்ஸ்லோ தமிழ் - ஆங்கில அகராதியில் அறுபத்தேழாயிரம் சொற்கள். அதற்கு உழைத்தவர்களில் இவரும் ஒருவர். என் மேசையில் அதன் மறுபதிப்பு ஒன்று இருக்கிறது. வாரம் ஒரு முறையாவது கைகொடுக்கிறது.

1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர். இருவருமே யாழ்ப்பாணத்தார், இருவருமே வட்டுக்கோட்டை மாணவர்கள். ஒருவர் இந்தக் கறல் விசுவநாதபிள்ளை. இன்னொருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை.

அவருடைய முதலெழுத்துகளே ஒரு கதை. மிஷன் பதிவேட்டில் ஆங்கிலத்தில் சி.டபிள்யூ. அவரோ தமிழில் சி.வை. ஆக்கிக்கொண்டார்: சிறுப்பிட்டி வைரவநாதர் மகன். வக்கீலாகி, பிறகு புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். சம்பாதித்ததையும் கண் பார்வையையும் ஏட்டுச்சுவடிகளில் கொட்டினார். 1881-ல் வீரசோழியம், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை. எட்டுத்தொகை நூல்களில் அச்சில் வந்த முதல் நூல் அதுதான். உ.வே. சாமிநாதையரின் புறநானூறு வர இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

சொல்ல வந்தது இதுதான். சங்க இலக்கியத்தைக் கறையானிடமிருந்து காப்பாற்றியவர்களில் முதல் வரிசையில் நிற்கும் ஒருவர், ஆங்கிலத்தில் யூக்ளிட் படித்த பள்ளியின் மாணவர். ஒரு பாடத்துக்குப் பல சுவடிகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்துக்கொள்ளும் பழக்கமும், நன்னூலைத் தலைகீழாகச் சொல்லும் பயிற்சியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. இப்படிப்பட்ட பள்ளியின் தேர்ச்சி விகிதம் என்ன என்று கேட்டால் நான் கொஞ்சமும் யோசிக்காமல் நூறு போடுவேன்.

பாஸ்டன் போட்ட மார்க் வேறு.

மிஷனின் தலைமை அலுவலகம் பாஸ்டனில் இருந்தது. அதன் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1854-55-ல் இன்னொருவரோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து பள்ளிகளை ஆய்வு செய்தார். அவரிடம் இருந்த பேரேட்டில் இரண்டு கட்டங்கள்தான். எத்தனை பேர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள்? எத்தனை பேர் ஊழியத்துக்கு வந்தார்கள்? இரண்டிலும் வட்டுக்கோட்டை தேறவில்லை. பையன்கள் ஆங்கிலத்துக்காக வந்தார்கள். ஆங்கிலம் வந்ததும் கச்சேரி குமாஸ்தா வேலைக்குக் கிளம்பினார்கள், யாழ்ப்பாணத்தில் இடம் இல்லாவிட்டால் கடல் தாண்டினார்கள். மதம் மாறியவர்களிலும் சிலர் பிறகு திரும்பிவிட்டார்கள், விசுவநாதபிள்ளையைப் போல. 1855-ல் செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டு டேனியல் பூவர் காலராவில் இறந்துபோனார்.

ஆண்டர்சனை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் சொன்ன காரணங்களைப் படித்தபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆங்கிலக் கல்வி ஒருவனைத் தன் மக்களிடமிருந்து பிரிக்கிறது. ஊரை விட்டு ஓட வைக்கிறது. மக்களிடையே வேலை செய்ய வேண்டியவனுக்குத் தாய்மொழியில்தான் கல்வி தர வேண்டும். இதையெல்லாம் நானே மேடைகளில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஒரு தமிழாசிரியர் சங்க மாநாட்டில் ஆண்டர்சனைப் பேசவிட்டிருந்தால் மாலை போட்டிருப்பார்கள்.

எங்கே உறுத்துகிறது? தாய்மொழி போதும் என்று முடிவு செய்தவர் தன் மொழியை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலையில் இல்லாதவர். முடிவை ஏற்க வேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அவர்கள் பதில் சொன்னார்கள். செமினரியின் பழைய மாணவர் ஒருவர் வட்டுக்கோட்டையிலேயே சொந்த முயற்சியில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, பணமும் திரட்டி, 1872-ல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியைக் கொண்டுவந்தார்கள். அதன் முதல் முதல்வர் ஹேஸ்டிங்ஸ், செமினரியின் கடைசிக் காலத்தில் அங்கே பணியாற்றியவர்.

மிஷனரிகளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்ற ஆறுமுக நாவலரும் இதில் விதிவிலக்கல்ல. 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தமிழில் நிறுவியவர், அதே 1872-ல் சைவப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பள்ளியும் தொடங்கினார். பணம் இல்லாமல் நான்கு ஆண்டுகளில் அது மூடப்பட்டது. நாவலருக்கு ஆங்கில மோகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஊர் எதைக் கேட்கிறது, ஏன் கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழிலேயே முடியாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற டாக்டர் இருந்தார், அதே அமெரிக்க மிஷன். 1847-ல் வந்தவர் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விட, கிராமத்தில் வைத்தியம் பார்க்க ஆள் மிஞ்சவில்லை. ஆண்டர்சன் பார்த்த அதே நோய்தான். கிறீன் 1864 முதல் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். ஆனால் வாயால் சொல்லிவிட்டு நிற்கவில்லை. புத்தகம் வேண்டுமே. 1867-ல் இரண வைத்தியம், 1875-ல் கெமிஸ்தம் என்று அவரும் மாணவர்களும் ஆயிரக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்த்தார்கள். கெமிஸ்ட்ரிக்குக் கெமிஸ்தம்! இன்றைக்குக் கலைச்சொல் குழுவில் இப்படி ஒரு சொல்லை வைத்தால் கூட்டம் மூன்று நாள் நடக்கும். கிறீன் வைத்தார், பாடத்தை நடத்தினார். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை டாக்டர்களாக்கினார், சுமார் பாதிப் பேரைத் தமிழில். ஆண்டர்சன் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழை மட்டும் விட்டுவைத்தார். கிறீன் ஆங்கிலத்தை எடுத்த இடத்தில் தமிழ்ப் புத்தகத்தை வைத்தார்.

இதற்கு ஒரு கிளைக்கதை எங்கள் மலையிலேயே இருக்கிறது. மறையூருக்குக் கிழக்கே மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் கொடைக்கானல். மதுரை வெயிலும் காலராவும் தாங்காமல் 1845-ல் அங்கே முதல் வீடுகளைக் கட்டியவர்கள் இந்த அமெரிக்க மிஷனரிகளின் மதுரைக் கிளையினர். பூவர் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்குப் போய்ச் சில ஆண்டுகள் வேலை பார்த்த அதே மிஷன். 1855-ல் மதுரையை அடுத்த பசுமலைப் பள்ளியிலும் ஆங்கிலம் குறைக்கப்பட்டது. பிறகு 1901-ல் கொடைக்கானலில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது, மிஷனரிகளின் சொந்தக் குழந்தைகளுக்காக. அமெரிக்காவில் போய்ப் படிப்பைத் தொடர வேண்டுமல்லவா, எனவே முழுக்க முழுக்க ஆங்கிலத்தில். அது இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். நடுவில் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது, ஆட்கள் வேறு, ஆண்டர்சனை அதற்குப் பொறுப்பாக்க முடியாது. இருந்தாலும் வரைபடத்தில் வட்டுக்கோட்டையையும் கொடைக்கானலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஊரான் பிள்ளைக்குத் தாய்மொழிக் கல்வி என்பது இன்றைய சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் புதிதல்ல. தமிழ்வழிக் கல்விக்காகத் தொண்டை கிழிய முழங்குகிறவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரிப்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

(செமினரியின் இன்னொரு தலைவர் சைரஸ் மில்ஸ். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியவர், பிறகு கலிஃபோர்னியாவில் மனைவி சூசனோடு பெண்களுக்காக ஒரு பள்ளியை எடுத்து நடத்தினார். அதுதான் பின்னாளில் மில்ஸ் கல்லூரி. வட்டுக்கோட்டையின் அனுபவம் அங்கே எந்த அளவுக்கு உதவியது என்பது ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு. ஆய்வு மாணவர்கள் யாராவது கவனிக்கலாம்.)

இரண்டு நாள் கெடு முடிந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வட்டுக்கோட்டைக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கலித்தொகை அவரைப் பெரிதாகக் கவரவில்லை. குமாஸ்தா வேலைக்குக் கடல் தாண்டிப் போன பையன்களைப் பற்றிக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அவங்களுக்கு வேலை கிடைச்சுதில்ல அண்ணே? அதையா தோல்வின்னு எழுதினாங்க?"

ஆண்டர்சனின் பேரேட்டில் அது இழப்பு. என் பேரேட்டில் அதற்குக் கட்டமே இல்லை. நான் புலவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இவருடைய பேரேட்டில் முதல் கட்டமே அதுதான். வருஷம் முழுக்க அடுப்புக்கு முன்னால் நின்று பாகு கிண்டுகிறவருக்கு, மகள் அங்கே நிற்கக் கூடாது. நல்ல பள்ளி என்று அவர் கேட்டதற்கு அர்த்தம் அவ்வளவுதான். இது எனக்கு முதல் நாளே புரிந்திருக்க வேண்டும்.

"சரி தம்பி, ரெண்டு இடத்துக்கும் நேர்ல போயிப் பாப்போம்" என்றேன். போனோம். எந்தெந்தப் பள்ளிகள் என்று எழுதப் போவதில்லை, இது பேனர் அல்ல. ரிசல்ட் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கேட்டோம்: இங்கே ஆங்கிலம் யார் எடுக்கிறார்கள், தமிழ் யார் எடுக்கிறார்கள்?

ஆங்கில மீடியத்தில் தமிழே இல்லை. மலையாளமும் இந்தியும் உண்டு. "தமிழ் வீட்டில பேசறதுதானே சார்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர், நட்பாகவே. ஆங்கிலத்தில் கேள்விக்கு விடை எழுதிய நோட்டுகளைப் பார்க்கக் கேட்டேன். அழகான கையெழுத்து. நான்கு நோட்டுகளிலும் ஒரே விடை, கமாகூட அதே இடத்தில். தமிழ் மீடியத்தில் நல்ல தமிழாசிரியை ஒருவர் இருந்தார். ஐந்து நிமிடம் பேசியதிலேயே எனக்குத் திரும்பப் பள்ளிக்கூடம் போகலாம் போல இருந்தது. ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர் இல்லை. சமூக அறிவியல் எடுப்பவரே அதையும் எடுக்கிறார். "எனக்கே இங்கிலீஷ் பேச வராது சார், புக்ல இருக்கறத நடத்திடுவேன்" என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு மார்க் போட எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

திரும்பி வரும்போது ஜீப்பில் யாரும் பேசவில்லை. 1823-ல் வட்டுக்கோட்டையில் அச்சிட்ட அந்தத் திட்டத்தில் முதல் நோக்கமும் இரண்டாவது நோக்கமும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன: ஆங்கிலம், தமிழ். இருநூறு வருஷம் கழித்து எங்கள் ஊரில் அவை இரண்டும் இரண்டு வெவ்வேறு கேட்டுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. ஒன்றுக்கு நடந்து போகலாம், இன்னொன்றுக்கு ஜீப்.

வீட்டில் யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்மணிதான் என்று ஒரு சந்தேகம். ஜூன் மாதம் மகளைத் தமிழ் மீடியத்தில் சேர்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார், மகளோடு, கையில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு. "அண்ணா, ஜீப்புக்கு வெச்ச காசு மிச்சம். உங்களுக்கு எவ்வளவு குடுக்கணும்?"

காசு வேண்டாம் என்று சொல்லி, மாதம் ஒரு கிலோ வெல்லத்துக்கு ஒப்பந்தமானது. வாரத்தில் நாலு நாள், ஆறு மணிக்கு. அவள் வகுப்பிலிருந்து இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆங்கிலம் நான் பார்த்துக்கொள்கிறேன். தமிழை அந்த ஆசிரியை பார்த்துக்கொள்கிறார், நான் தலையிட வேண்டியதில்லை. கணக்குதான் எனக்கு வராது. அதற்கு ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.